கஞ்சி போட்ட ஃபில்டர்

காலை ஏழு மணிக்குச் சற்று முன்னால் பெரம்பூர் ரயில் நிலையம். திருத்தணி போகும் மின்சார ரயிலுக்கு இருபது ரூபாய் டிக்கெட் எடுத்து, பெண்கள் பெட்டியில் ஜன்னலோரம் பிடித்துவிட்டேன். கூட இரண்டு பைகள். ஒன்றில் மாற்றுப் புடவைகளும் அக்காவுக்குப் பிடித்த மிக்சர் பொட்டலமும் இருந்தன. இன்னொன்று சாம்பல் நிறப் பை, தூக்குச்சட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. அதை மடியைவிட்டு இறக்கமாட்டேன். மேலே பலகையில் போடுங்கள் என்று யாராவது சொன்னால் காதில் விழாத மாதிரி இருந்துவிடுவேன்.

எதிரில் இருந்த அம்மாள் அன்று அமாவாசை என்பதால் திருத்தணி மலைக் கோயிலுக்குப் போகிறவர். பூப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஆவடி வரை பொறுத்துப் பார்த்தார். அதற்கு மேல் முடியவில்லை.

“அது இன்னாம்மா, ஆர்மோனியப் பொட்டியா?”

மூச்சு மெஷின் என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து தப்பித்து வந்தவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார். விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று.

எனக்குக் குறட்டை உண்டு. பெண்கள் குறட்டை விடுவதே இல்லை என்று நம்பும் ஊரில் இதை உரக்கச் சொல்வதற்குக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும். வெறும் குறட்டை என்றால் வீட்டில் உள்ளவர்கள் பாடு என்று விட்டிருப்பேன். எனக்கு அதன் நடுவே மூச்சு நின்று நின்று வந்தது. தூங்கும்போது தொண்டைச் சதை தளர்ந்து வழியை அடைத்துவிடுகிறது. உடம்பு திடுக்கிட்டு விழித்து மூச்சை இழுக்கும், மறுபடி அடைக்கும். இரவெல்லாம் இந்தக் கூத்து நடந்தால் பகலெல்லாம் தூக்கம் சொக்கும். அதற்குத்தான் இந்த இயந்திரம். சிபேப் என்பார்கள். இதில் ஆக்சிஜனும் இல்லை, மருந்தும் இல்லை. அறையில் இருக்கும் காற்றையே உறிஞ்சி, கொஞ்சம் அழுத்தம் கூட்டி, குழாய் வழியாக மூக்கு முகமூடிக்குள் அனுப்பும். அந்தக் காற்று தொண்டையைத் திறந்தபடி வைத்திருக்கும். காற்று உள்ளே போகும் வாசலில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு வெள்ளை ஃபில்டர் உண்டு. தூசியைத் தடுப்பது அதன் வேலை. இந்தப் பயணத்தில் கதாநாயகன் அதுதான் என்று அப்போது எனக்கே தெரியாது.

அம்மாள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தன் வீட்டுக்காரரும் ராத்திரியில் ரம்பம் இழுக்கிறவர்தான் என்றார். அவருக்கும் பரிசோதனை செய்து பாருங்கள் என்றேன். அரக்கோணத்தில் பாதிப் பெட்டி காலியானது. பிறகு திருத்தணி வரைக்கும் காலை நீட்டி உட்கார முடிந்தது.

நான் மலைக்குப் போகவில்லை, அக்கா வீட்டுக்குப் போனேன். என் அக்கா தேவகி பொதட்டூர்பேட்டையில் வாழ்க்கைப்பட்டவள். பாவா, அதாவது அக்காவின் கணவர் முனிரத்தினம், வீட்டின் பின்கட்டில் விசைத்தறி போட்டு லுங்கி நெய்கிறார். நெய்ததைக் குட்டியானை என்கிற தன் சின்னச் சரக்கு வண்டியில் ஏற்றித் திருத்தணி பார்சல் ஆபீசுக்குத் தானே கொண்டுபோவார். அந்தக் குட்டியானை வண்டியோடுதான் போன கோடையில் ஒரு நண்பகல், ஆர்.கே.பேட்டை சாலையில் அப்படியே கண்ணயர்ந்து கரும்புத் தோட்டத்துக்குள் இறங்கிவிட்டார். புருவத்தில் தையலோடு தப்பித்தது எங்கள் அதிர்ஷ்டம். பரிசோதித்ததில் எனக்கிருக்கும் அதே நோய். இயந்திரம் வாங்கினார்கள். முதல் மாதம் ராஜா மாதிரி தூங்கினார். அதன் பிறகு மூச்சு முட்டுகிறது என்று தூக்கி அலமாரிமேல் வைத்துவிட்டார்.

அன்றிலிருந்து அக்கா தூங்குவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, அவர் மூச்சு நிற்கும்போதெல்லாம் தோளைத் தட்டுகிறாள். பகலில் அவரை வண்டி எடுக்கவிடாமல் சாவியை அரிசிப் பானைக்குள் ஒளிக்கிறாள். வண்டியை விற்றுவிடலாம் என்று முடிவு செய்து, அமாவாசை கழிந்ததும் வந்து பார்க்கும்படி ஆர்.கே.பேட்டைக்காரர் ஒருவருக்குச் சொல்லியும் விட்டாள். எனக்குப் போன் செய்தபோது அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். “நீ வந்து போட்டுகினு தூங்கிக் காட்டு. ஒன்ன பாத்தாவது அந்த மனுசனுக்குப் புத்தி வரட்டும்.”

ஒன்பது மணி சுமாருக்குத் திருத்தணி. ஸ்டேஷனைவிட்டு வெளியே வந்தால் மலை எதிரிலேயே நிற்கிறது. அங்கிருந்தே ஒரு கும்பிடு போட்டுவிட்டு பஸ் நிலையத்துக்கு நடந்தேன். பொதட்டூர்பேட்டை இருபது கிலோமீட்டர் இருக்கலாம். அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது என்பதால் பூஜ்ய ரூபாய் டிக்கெட் ஒன்றைக் கிழித்துக் கொடுத்தார் கண்டக்டர். எனக்கு முன்சீட்டுக்காரர் ‘நைனா, நைனா’ என்று போனில் தெலுங்கு பேசிக்கொண்டே வந்தார். போனை வைத்ததும் பக்கத்து ஆளிடம் தமிழில் மழையைக் குறை சொன்னார். ஜன்னலுக்கு வெளியே கரும்பு, மாந்தோப்பு, பாறைக் குன்று என்று மாறி மாறி வந்தன. முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது.

பொதட்டூர்பேட்டையில் இறங்கினால் முதலில் காதுக்குத்தான் வேலை. எந்தத் தெருவில் நுழைந்தாலும் தறிச் சத்தம் தடதடவென்று கூடவே வரும். பேசுகிறவர்கள் எல்லோருமே கொஞ்சம் கத்தித்தான் பேசுவார்கள். ஆனால் அமாவாசை அன்று தறி ஓட்டமாட்டார்கள். அன்றைக்கு ஊர் அமைதியாக இருந்தது. இரண்டு தெரு தள்ளி யாரோ அம்மியில் அரைப்பதுகூடக் கேட்டது.

பாவா வாசலுக்கே வந்து பையை வாங்கிக்கொண்டார். புருவத் தழும்பு நன்றாக ஆறியிருந்தது. கண்கள்தான் சரியில்லை, சிவந்து உள்ளே போயிருந்தன. அக்காவின் கண்களும் அப்படித்தான் இருந்தன. இருவரும் என்னிடம் நன்றாகப் பேசினார்கள். ஒருவரோடு ஒருவர் பேசுவதற்கு மட்டும் நான் தேவைப்பட்டேன். “காப்பி வேணுமான்னு கேளு” என்று அக்கா என்னிடம் சொல்லுவாள். இரண்டடி தூரத்தில் இருக்கும் பாவா “வேணாம்னு சொல்லு” என்பார்.

தனியாக இருந்தபோது பாவாவிடம் விசாரித்தேன். அவர் கோபப்படவில்லை, வேடிக்கையாகத்தான் ஆரம்பித்தார். குட்டியானை ஓட்டுகிறவனுக்குத் துதிக்கை வைத்துவிட்டார்கள் என்று தெருவில் கேலி பேசினார்களாம். அதற்காகவெல்லாம் நிறுத்துகிற ஆள் நான் இல்லை என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். “மொதல்ல நல்லாத்தான் இருந்துது சுசி. அப்பறம் போட்டா மூச்சு முட்டுது. தலவாணிய வெச்சு மூஞ்சிய அமுக்கினாப்பல இருக்குது. சொன்னா யாரும் நம்ப மாட்றாங்க. ஒங்க அக்கா, புடிவாதம்னு ஊரெல்லாம் சொல்லிகினு கீது.”

என் இயந்திரத்தை நடு அறை மேசையில் எடுத்து வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். வந்ததும் அமாவாசைச் சாப்பாடு. வாழைக்காய்ப் பொரியல், பூசணிக் கூட்டு, வடை, பாயசம். இலையைவிட்டு எழுந்திருக்கவே மனமில்லை. தறி ஓடாத பகல், வயிறு நிறைந்த சாப்பாடு. தூங்கிக் காட்டுவதற்கு இதைவிட நல்ல நேரம் வாய்க்காது என்று பாயை விரித்து, முகமூடியை மாட்டிப் பொத்தானை அழுத்தினேன். பாவா பார்க்கட்டும் என்று கதவையும் திறந்தே வைத்திருந்தேன்.

ஐந்து நிமிஷம் தாங்கவில்லை. இயந்திரம் வழக்கத்தைவிட இரைந்தது, காற்று மட்டும் வரவில்லை. இழுக்க இழுக்க முகமூடி மூக்கோடு ஒட்டிக்கொண்டது. வாய்க்குள் துணியை அடைத்ததுபோல் இருந்தது. மூன்று வருஷமாக இதைப் போட்டுக்கொண்டு நிம்மதியாகத் தூங்குகிறவள், முகமூடியைப் பிய்த்து எறிந்துவிட்டு எழுந்து உட்கார்ந்தேன். பாவா சொன்ன அதே தலையணை என் முகத்தில் அழுந்தியிருந்தது. பயமாகத்தான் இருந்தது, ஒளிப்பானேன்.

குழாயை உதறினேன், முகமூடியைத் திருப்பிப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. கடைசியில் பக்கவாட்டு மூடியைத் திறந்து ஃபில்டரை எடுத்தேன். பஞ்சுபோல் துவண்டு வரவேண்டியது விறைப்பாக வந்தது. வெயிலில் காய்ந்த அப்பளம்போல் இருந்தது. விரலால் சுண்டினால் டக் என்றது. மூக்கருகே வைத்தேன். கஞ்சி வாசனை.

அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் முகத்தில் அன்றைக்கு முதல்முறையாக ஒரு மலர்ச்சி வந்தது.

“ஆங், நான்தான் செஞ்சேன். நீ குளிக்கப் போனப்ப எடுத்துப் பாத்தேன், ஒரே அழுக்கு. தொவைச்சு, கஞ்சில முக்கி, வெயில்ல போட்டு எடுத்தேன். ஒங்க பாவா மெஷின்தையும் வாராவாரம் நான்தான் செய்யறேன். அவுரு போடாங்காட்டியும் சுத்தமா இருக்கட்டுமேன்னு விட்றதில்ல.”

எதற்குக் கஞ்சி என்று கேட்டேன். அவள் என்னைப் பட்டணத்துக்குப் போய் எல்லாவற்றையும் மறந்தவளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். முதல்முறை சும்மா துவைத்தபோது அது நார்நாராகப் பிரிந்துவிட்டதாம். தறி வீட்டில் பிறந்த யாருக்கும் அடுத்து என்ன செய்வது என்று சொல்லித்தர வேண்டாம். நீளவாட்டில் போகும் பாவு நூலுக்குக் கஞ்சி ஏற்றினால்தான் தறியில் அறாமல் ஓடும். துவண்ட துணி என்றால் உழைக்காத துணி. ஆகவே கூடவே வந்திருந்த மாற்று ஃபில்டருக்கும் பாவுக்குப் போடுகிற அதே பதத்தில் கஞ்சி போட்டிருக்கிறாள். அதன் பிறகு பிரியவே இல்லையாம்.

பிரியாது. காற்றும் நுழையாது. ஒவ்வொரு நூலிழைக்கும் நடுவே இருந்த கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகளையெல்லாம் கஞ்சி அடைத்துவிட்டது. இந்த வெள்ளை ஃபில்டரைத் துவைக்கவே கூடாது. அழுக்கானால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக மாட்ட வேண்டும். துவைக்கக்கூடிய கடற்பஞ்சு மாதிரி ஃபில்டர் சில இயந்திரங்களில் உண்டு. அதையும் நன்றாகக் காயவைத்த பிறகுதான் போட வேண்டும். இதை அவளுக்கு யாரும் சொல்லவில்லை. இயந்திரத்தோடு வந்த புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது.

நான் சொல்லச் சொல்ல அக்காவின் மலர்ச்சி போய்விட்டது. பாவா எப்போது வந்து கதவருகே நின்றார் என்று தெரியவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டார் என்பது அவர் நின்ற நிலையில் தெரிந்தது. அக்கா கீழே உட்கார்ந்தாள்.

“அப்ப இத்தினி மாசமா அவுரு மூச்ச நான்தான் அடைச்சிகினு இருந்தனா, சுசி?”

இல்லை என்று பொய் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். பாவாவுக்கு அன்று எதை வேண்டுமானாலும் சொல்ல உரிமை இருந்தது. பிடிவாதக்காரன் என்று பெயர் வாங்கியவர், வண்டிச் சாவியைப் பறிகொடுத்தவர். அவர் உள்ளே வந்து என் கையிலிருந்த ஃபில்டரை வாங்கினார். லுங்கித் துணியைச் சோதிப்பதுபோல் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்த்துப் பார்த்தார். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

“கஞ்சி பதம் நல்லாத்தான் கீது” என்றார், அக்காவைப் பார்த்து. “இதப் போட்டதுல ஒம் மேல தப்பு இல்ல. முட்டுதுன்னு கத்தினனே, ஒரு நாளாவது மூடியத் தெறந்து பாத்தனா?”

பல மாதங்களில் அவர் அவளிடம் நேரடியாகப் பேசிய முதல் பேச்சு அது. அக்கா புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். எனக்கும் அழுகை வந்தது. இந்த மனிதரைப் பாவா என்று கூப்பிட வாய்த்ததில் அன்றைக்கு எனக்குப் பெருமையாக இருந்தது.

என் பையில் புதிய ஃபில்டர்கள் இரண்டு இருந்தன. ஆளுக்கு ஒன்று.

ஒரு நாள் என்று போனவள் ஒரு வாரம் தங்கினேன். மறுநாள் காலை பாவா தூங்கி எழுந்து வந்த முகத்தைப் பார்த்தபோது ஐந்து வயது குறைந்திருந்தது. அக்காதான் வாடி வதங்கி வந்தாள். பாவாவிடம் குறட்டையும் இல்லை, திணறலும் இல்லை. சத்தமே இல்லாததில் பயந்துபோய், விடிய விடிய மூக்கருகே கையை வைத்துப் பார்த்தபடி இருந்திருக்கிறாள். இனி நீ தூங்கலாம் என்றேன். தூக்கம் வரவில்லை, காவல் இருந்து பழகிவிட்டது என்றாள். அதற்கு என்னிடம் மெஷின் இல்லை.

அமாவாசை முடிந்து தறிகள் ஓட ஆரம்பித்ததும் இன்னொரு விஷயம் புரிந்தது. வீடு முழுக்க நூல் தூசி பறக்கிறது. வாசலில் விழும் வெயிலில் அது மிதப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பெரம்பூரில் என் ஃபில்டர் கறுப்பாகும். லாரிப் புகை, ரயில் தூசி. இங்கே சில நாளிலேயே அது நீலமும் பச்சையுமாகப் பூத்துவிட்டது. அந்த வாரம் தறியில் ஓடிய லுங்கியின் நிறம். ஆகவே பாவாவின் படுக்கையைத் தறியை ஒட்டிய அறையிலிருந்து மாடி அறைக்கு மாற்றினோம். இயந்திரத்தைத் தரையில் வைக்காமல் உயரமான முக்காலியில் வைத்தோம். பகலில் ஒரு துணிப்பையைக் கவிழ்த்து மூடிவைப்பது, போடும்போது மறக்காமல் எடுத்துவிடுவது என்று ஏற்பாடு. அக்கா மூடிவைப்பதற்கு அழகாக ஒரு உறை தைத்தாள். கஞ்சி போடாமல்.

வார நடுவில் மூவரும் பஸ் ஏறித் திருத்தணியில் பாவாவின் டாக்டரைப் பார்த்தோம். இயந்திரத்தில் பதிவாகியிருந்த கணக்கைப் பார்த்துவிட்டு அவர் திருப்தியாகத் தலையாட்டினார். தறி வீட்டில் இருப்பவர்கள் மாதக் கணக்குப் பார்க்காமல் பதினைந்து நாளைக்கு ஒருமுறை ஃபில்டர் மாற்ற வேண்டும் என்றார். பகலில், தூக்கக் கலக்கம் துளியும் இல்லாவிட்டால், பக்கத்து ஊர்கள்வரை வண்டி ஓட்டலாம் என்றும் சொன்னார். அங்கிருந்து நேராக மலையேறினோம். சன்னிதியில் அக்கா என்ன வேண்டிக்கொண்டாள் என்று நான் கேட்கவில்லை.

ஆர்.கே.பேட்டைக்காரர் வந்து குட்டியானையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார், டயரை உதைத்தார், விலை சொன்னார். அக்கா, அடுத்த அமாவாசைக்குச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டாள். ஆனால் சாவி அரிசிப் பானையில்தான் இருந்தது.

புறப்படுகிற நாள் காலை, ஏழரை மணி. பார்சலுக்கு லுங்கிக் கட்டுகள் தயார். நான் பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அக்கா உள்ளே போய்ச் சாவியோடு வந்தாள். அதில் ஒட்டியிருந்த அரிசியைத் தட்டிவிட்டு, பாவாவின் கையில் கொடுத்தாள். விபத்துக்குப் பிறகு அந்த வண்டியில் ஏறாதவள், என்னை நடுவில் தள்ளிவிட்டு ஓரத்தில் ஏறி உட்கார்ந்தாள். மடியில் என் சாம்பல் நிறப் பை.

நான் பயப்படவில்லை என்று சொன்னால் பொய். ஊரைத் தாண்டும்வரை சாலையைப் பார்க்காமல் பாவாவின் இமைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். தெளிவான கண்கள். கரும்பு லாரி ஒன்று எதிரில் வந்தபோது நன்றாக ஒதுங்கி வழிவிட்டார். ரேடியோவில் ஏதோ பாட்டு, மெதுவாக விரலால் தாளம். நாலைந்து கிலோமீட்டர் போயிருப்போம். என் இடது தோளில் கனமாக ஏதோ சாய்ந்தது.

அக்கா தூங்கிவிட்டாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. ஒரு நிமிஷத்தில் குறட்டையும் வந்தது. தறி ஓடுகிற மாதிரி ஒரே சீராக, நடுவில் எங்கும் அறாத குறட்டை.

பாவா எட்டிப் பார்த்தார். ரேடியோவை அணைத்தார். அதன்பிறகு மேடு பள்ளம் வந்த இடத்திலெல்லாம் தலையில் குடம் வைத்திருப்பவர்போல் ஓட்டினார்.

திருத்தணி ஸ்டேஷன் வாசலில் வேப்பமர நிழலாகப் பார்த்து வண்டியை நிறுத்தினார். என் ரயில் பிளாட்பாரத்தில் வந்து நின்றுகொண்டிருந்தது, அங்கிருந்தே தெரிந்தது. எந்தப் பக்கம் இறங்கினாலும் தோளை எடுத்தாக வேண்டும், எடுத்தால் அக்கா விழித்துவிடுவாள். பாவா என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். அவர் உதடு மட்டும் அசைந்தது.

“எழுப்பாத.”

ரயில் கூவிக்கொண்டு கிளம்பிப் போயிற்று. அக்காவுக்கு அதுவும் கேட்கவில்லை. பாவா சத்தமில்லாமல் இறங்கிப் போய் இரண்டு டீ வாங்கிவந்தார். ஒன்றை என் வலது கையில் கொடுத்தார். இடது தோளை அசைக்காமல் குடித்தேன். சென்னைக்கு அடுத்த ரயில் எப்போது என்று நாங்கள் இருவருமே விசாரிக்கவில்லை.